மொட்டை மாடி ஏர் பைப்

கடலூரில் எந்த வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்று சுற்றிப் பார்த்தாலும் மூன்று பொருள்கள் கண்ணில் படும். தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, செப்டிக் டேங்கிலிருந்து சுவரோரமாக ஏறி வரும் ஒரு குழாய். முதல் இரண்டுக்கும் ஏதாவது ஆனால் உடனே ஆள் தேடுவோம். மூன்றாவதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கொத்தனார்கள் அதை ஏர் பைப் என்பார்கள். பிளம்பர்கள் வென்ட் பைப் என்பார்கள். அந்தக் குழாயால் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோகும் நிலை வந்தது. அதைச் சரிசெய்யப் போய் அதன் பழைய கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். நம் வயதுக்காரர்கள் பலருக்கு இது சொந்தக் கதையாகவும் இருக்கும்.

எங்கள் வீடு 1988-இல் கட்டியது. அப்போது வைத்த ஏர் பைப் சாம்பல் நிற சிமெண்ட் குழாய். மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஓர் ஆள் உயரம் நின்றது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையைக் கடந்ததே, அன்று அது ஒடிந்து விழுந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்த நேரத்தில் ஏர் பைப்புக்கு யார் அழுதார்கள்? கையில் கிடைத்த பி.வி.சி. துண்டு ஒன்றைச் சொருகி, கைப்பிடிச் சுவர் உயரத்தோடு நிறுத்திவிட்டோம். பிறகு மறந்தே போனது.

சில வருடம் கழித்து மேற்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்தார். அவருடைய படுக்கை அறை ஜன்னல் சரியாக எங்கள் குழாயின் வாய்க்கு எதிரே, ஆறடி தூரத்தில் அமைந்தது. நம் ஊரில் மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்து எழும் அல்லவா? அது நாற்றத்தை நேரே அந்த ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எங்கள் வீட்டில் ஒரு வாடையும் கிடையாது. அதனால் அவர் வந்து, "சார், உங்க ஏர் பைப்பு நாத்தம் தாங்கல" என்றபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. "ஜன்னலைச் சாத்திக்குங்களேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை.

ஒரு நாள் மாடிக்குப் போனால் குழாயின் வாயில் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கவிழ்த்துச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. யார் கட்டியது என்று நான் கேட்கவில்லை. தொல்லை விட்டது என்று அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு வாரத்தில் எங்கள் கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் ஊற்றினால் களக் களக் என்று சத்தம். குளியலறைத் தரையில் முட்டை அழுகின வாடை. தொட்டி நிரம்பிவிட்டது என்று எண்ணி லாரிக்குச் சொன்னோம். வந்தவர் குழியைப் பார்க்கும் முன்னே நிமிர்ந்து மாடியைப் பார்த்தார்.

"ஐயா, மேல பைப்ப எதுக்குக் கட்டி வச்சிருக்கீங்க? மூடிய நாங்கதான் தொறக்கணும். உள்ள அடைஞ்சி கெடக்குற கேஸு மொதல்ல எங்க மூஞ்சிலதான் அடிக்கும்."

கடப்பாரையால் மூடியை நெம்பித் தள்ளிவிட்டு, காற்று வரும் பக்கமாக விலகிப் போய் அரைமணி நேரம் நின்றார். அந்தப் பக்கம் ஒருவரையும் பீடி பற்றவைக்க விடவில்லை. பிறகுதான் ஹோஸை இறக்கினார். அவர் சொன்ன அந்த வார்த்தை எனக்கு அறுபத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு கதவை நினைவுபடுத்தியது.

சிதம்பரத்தில் எங்கள் பூர்வீக வீடு தேரோடும் வீதி ஒன்றை ஒட்டி இருந்தது. முன்வாசலில் கோலம், திண்ணை, தேர் பார்க்க வரும் உறவுக் கூட்டம். வீட்டின் பின்னால் ஒரு குறுகிய சந்து. கொல்லைச் சுவரின் அடியில், தரையை ஒட்டி, ஒரு சிறிய தகரக் கதவு. எடுப்புக் கக்கூஸ் என்றால் நம் தலைமுறைக்கு விளக்க வேண்டாம். தினமும் காலையில் ஓர் அம்மாள் வாளியும் தகடும் சாம்பலும் எடுத்துக்கொண்டு அந்தச் சந்து வழியாக வருவார். கதவு கிறீச்சிடும் சத்தம் கேட்டால் கொல்லைப் பக்கம் போகாதே என்று பிள்ளைகளைத் தடுப்பார்கள். அவர் பெயர் என்ன என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வீட்டுப் பெரியவர்களும் சொன்னதில்லை.

அறுபதுகளில் எங்கள் வீட்டுக்கு 'ஃபிளஷ் அவுட்' வந்தது. கொல்லையில் குழி வெட்டித் தொட்டி கட்டினார்கள். தகரக் கதவைப் பிடுங்கிச் செங்கல் வைத்து அடைத்துப் பூசினார்கள். அதே வாரம் கொல்லைச் சுவரோரம் ஒரு சிமெண்ட் குழாய் எழுந்து ஓட்டுக் கூரைக்கு மேல் நின்றது. "கக்கூசுக்கு எதுக்குடா பொகபோக்கி?" என்று தாத்தா சிரித்தார். கீழே ஒரு கதவு மூடியதால்தான் மேலே அந்தக் குழாய் வந்தது என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தாத்தா கேட்ட கேள்விக்கு விடை தேட லண்டன் வரை போக வேண்டும். 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி ஒரு கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் எஸ் எழுத்துப் போல வளைந்த ஒரு குழாய் இருந்தது. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். கீழிருந்து வரும் நாற்றத்தை அந்தத் தண்ணீரே தடுக்கும். இன்று நம் வீட்டுக் கோப்பைக்குள் நிற்கிற தண்ணீருக்கும் அதே வேலைதான். இதில் ஒரு சிக்கல் இருந்தது. கீழே அடைபட்ட காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வரும். மேலிருந்து தண்ணீர் வேகமாக இறங்கும்போது, பின்னால் காற்று நுழைய வழி இல்லாவிட்டால், வளைவில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஏர் பைப் இந்த இரண்டுக்குமாகத்தான். காற்று வெளியே போகவும் வேண்டும், உள்ளே வரவும் வேண்டும். எங்கள் வீட்டில் கேட்ட களக் களக் சத்தம், போக வழியில்லாத காற்று தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்த சத்தம்.

1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் லண்டனையே புரட்டிப் போட்டது. ஆற்றங்கரையில் இருந்த பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைக் குளோரைடு சுண்ணாம்பில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் சட்டம் நிறைவேறியது. ஜோசப் பாசல்ஜெட் என்ற பொறியாளர் நகருக்கு அடியில் பெரிய சாக்கடைகளைக் கட்டினார். அந்தக் காலத்து டாக்டர்கள் பலரும் நாற்றமே நோய் என்று நம்பினார்கள். கெட்ட காற்றைச் சுவாசித்தால் காலரா வரும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் சாக்கடைக் காற்றை ஆள் மூக்குக்கு எட்டாத உயரத்தில் விட வேண்டும் என்று இங்கிலாந்துத் தெருக்களில் உயரமான இரும்புக் குழாய்களை நட்டார்கள். அவற்றில் சில இன்றும் நிற்கின்றன.

காலராவுக்குக் காரணம் காற்று அல்ல, தண்ணீர் என்று ஜான் ஸ்னோ 1854-இலேயே லண்டனில் ஒரு தெருக் குழாயை வைத்துக் காட்டினார். 1884-இல் ராபர்ட் கோக் நம் கல்கத்தாவுக்கு வந்து அந்தக் கிருமியை உறுதிசெய்தார். ஆக, குழாய் வைத்த காரணம் தப்பு. ஆனாலும் குழாய் வைத்தது சரியாகவே அமைந்துவிட்டது.

செப்டிக் டேங்க் அதற்குப் பிறகு பரவியது. பிரான்சில் ழான் லூயி முரா என்பவர் 1860 வாக்கில் தன் வீட்டுக் கழிவுக்கு மூடிய தொட்டி ஒன்றைக் கட்டினார். 1881-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரப் பொறியாளர் டொனால்ட் கேமரன் 1895-ஐ ஒட்டி அதைத் திருத்திக் கட்டி, செப்டிக் டேங்க் என்று பெயரும் வைத்தார். உள்ளே காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மலத்தைக் கரைக்கின்றன. கரைக்கும்போது வாயு உண்டாகிறது. எக்ஸிடரில் அந்த வாயுவில் விளக்கு எரித்தார்கள். நம் நாட்டிலும் பம்பாய் மாட்டுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897-இலேயே கழிவுத் தொட்டியிலிருந்து வாயு பிடித்துப் பயன்படுத்தினார்கள். விளக்கு எரியும் என்றால் வெடிக்கவும் வெடிக்கும். லாரிக்காரர் பீடியைத் தடுத்தது இதனால்தான்.

அந்த வாயுவில் முக்கியமானவை இரண்டு. மீத்தேன் காற்றைவிட லேசானது, தீப்பிடிக்கும். முட்டை அழுகின வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடச் சுமார் 1.2 மடங்கு கனமானது, விஷம். அது கொஞ்சமாக இருந்தால் மூக்குக்குத் தெரியும். அதிகமானால் மூக்கே மரத்துப்போகும். வாடை இல்லையே என்று நினைத்து இறங்குகிறவர் ஏறி வருவதில்லை.

குழாயின் தலையில் உள்ள கொசுவலைக்கும் ஒரு கதை உண்டு. யானைக்கால் நோயின் புழு கொசுவுக்குள் வளர்வதை 1877-இல் சீனாவில் பேட்ரிக் மேன்சன் கண்டார். நம் பக்கம் அந்த நோய் எவ்வளவு இருந்தது என்று சிதம்பரம், கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரத்தத்தில் அந்தப் புழு ராத்திரியில்தான் தென்படும் என்பதால், ஊழியர்கள் இரவில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்த காலம் நினைவிருக்கலாம். அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்குச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் பிறந்த வீடு. 1975-இல் புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கொசு ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியதற்கும் இப்பகுதியின் யானைக்கால் தொல்லை ஒரு பெரிய காரணம். வலை கிழிந்த ஒரு ஏர் பைப் போதும், தெருவுக்கே கொசு கொடுக்க.

எழுபதுகளில் ஆப்பிரிக்காவில், இன்றைய ஜிம்பாப்வேயில், பீட்டர் மோர்கன் என்ற ஆய்வாளர் இதே குழாயைக் கிராமத்துக் குழிக் கக்கூசுக்கு வைத்தார். கக்கூசுக்குள் இருட்டாக இருக்கும், குழாயின் உச்சியில் மட்டும் வெளிச்சம். குழிக்குள் இருக்கும் ஈக்கள் வெளிச்சத்தை நாடி மேலே ஏறி, வலையில் மாட்டிச் சாகும். குழாய் வாயின் மேல் வீசும் காற்று உள்ளே இருக்கும் வாடையையும் மேலே இழுத்துவிடும். நம் நாட்டில் பிந்தேஷ்வர் பாடக் 1970-இல் தொடங்கிய சுலப் இயக்கத்தின் இரட்டைக் குழிக் கழிப்பறைக்கு ஏர் பைப்பே வேண்டாம். அந்தக் குழியின் சுவரில் ஓட்டைகள் இருக்கும், வாயு மண்ணிலேயே கலந்துவிடும். சிமெண்ட் பூசி அடைத்த செப்டிக் டேங்குக்கு அந்த வசதி இல்லை. அதற்கு மூக்கு அந்தக் குழாய் ஒன்றுதான்.

அந்த மூக்கு எங்கே, எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று விதி உண்டா? உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரையால் நமக்குத் தெரிந்த இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 2470, முதல் பகுதி, 1985. குழாயின் விட்டம் குறைந்தது 50 மில்லிமீட்டர். தலையில் கொசு புகாத கம்பி வலை. பக்கத்தில் உள்ள எந்தக் கட்டடத்துக்கும் நாற்றத் தொல்லை வராத உயரம். தொட்டி கட்டடத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி இருந்தால் சுமார் 2 மீட்டர் உயரம் போதும். அதற்குள் இருந்தால் கட்டடத்தின் உச்சிக்கு மேலே 2 மீட்டர். நம் மனைகளில் 15 மீட்டருக்கு எங்கே போவது? எல்லோருக்கும் இரண்டாவது விதிதான்.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது ஒன்று. விதி பேசுவது என் வீட்டு மூக்கைப் பற்றி மட்டுமல்ல. அடுத்த வீட்டுக்காரர் பிறகு மாடி எடுத்தால் அது அவர் பாடு என்று நான் ஒதுங்க முடியாது. நாற்றம் என்னுடையது.

பிளம்பரை அழைத்தேன். அவர் முதலில் காட்டியது கைப்பிடிச் சுவரை. காற்று சுவரைத் தாண்டும்போது மறுபக்கம் சுழன்று கீழே இறங்கும். குழாயின் வாய் சுவர் உயரத்திலேயே இருந்தால் வாடையும் அந்தச் சுழலில் மாட்டிக் கீழேயே சுற்றும். அதனால் இருந்த இடத்தில் இரண்டடி உயர்த்தினால் போதாது, எதிரே ஜன்னல் இருப்பதால் இடத்தையே மாற்ற வேண்டும் என்றார். மாடியில் உயரமான இடம் மாடிப்படி அறை. அது அந்த ஜன்னலிலிருந்து இருபதடிக்கு மேல் தள்ளிக் கிழக்கே இருக்கிறது.

பழைய குழாயைக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே அறுத்தார். சதுரமான எல்போ வேண்டாம் என்று 45 டிகிரி வளைவுகள் வாங்கிவரச் சொன்னார். சுவரில் துளை போட்டுக் குழாயை மாடித் தரையோரம் கொண்டுபோய், படி அறைச் சுவரில் ஏற்றினார். தரையோரம் போகும் பகுதியைப் படி அறையை நோக்கி லேசாக மேடாக வைத்தார். குழாய்க்குள் ஈரம் குளிர்ந்து தண்ணீராகும். அது திரும்பத் தொட்டிக்கே வடிய வேண்டும். நடுவில் ஓரிடம் தொய்ந்தால் அங்கே தண்ணீர் நின்று, பிளாஸ்டிக் பை கட்டியது போலவே காற்றை அடைத்துவிடும். படி அறைக் கூரைக்கு மேலே ஆறரை அடி. தானே புயலை நினைத்து நாலடிக்கு ஒரு கிளாம்ப். உச்சியில் துருப்பிடிக்காத கம்பி வலை, மழைக்கு ஒரு தொப்பி. வெயிலில் பி.வி.சி. நொறுங்கிப்போகும் என்பதால் வெளியே வெள்ளைப் பெயிண்ட். சுவர்த் துளையைச் சுற்றி நீர் கசியாமல் சிமெண்ட் பூச்சு. ஒரு பகல் வேலை. கூலியும் சாமானும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம்.

ஏணியைப் பிடிக்க ஆள் போதவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், கூப்பிடாமலேயே வந்து பிடித்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பையக் கட்டுனது நான்தான் சார், நானும் கேட்டிருக்கணும்" என்றார். இப்போது அவருடைய ஜன்னல் சாயங்காலம் திறந்தே இருக்கிறது.

இதோடு கதை முடிந்தால் நல்லது. ஆனால் லாரிக்காரர் சொன்னது மிச்சம் இருக்கிறது. ஏர் பைப் எவ்வளவு உயரமாக, சரியாக நின்றாலும் தொட்டிக்குள் மனிதன் இறங்க அது வழி செய்யாது. கனமான வாயு அடியில் தங்கும், சேற்றைக் கிளறினால் இன்னும் கிளம்பும், பிராணவாயு குறைவாக இருக்கும். எடுப்புக் கக்கூசைத் தடை செய்யும் சட்டம் 1993-இல் வந்தது. பாதுகாப்பு இல்லாமல் செப்டிக் டேங்கையும் சாக்கடையையும் ஆள் வைத்துச் சுத்தம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. 2014 மார்ச் 27-இல் உச்ச நீதிமன்றம், இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. உயர்த்த வேண்டி வந்ததே, சாவு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழுந்தார் என்ற செய்தியை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்!

சிதம்பரத்துக் கொல்லையில் தகரக் கதவை அடைத்தபோது, இனி நம் கழிவை எடுக்க ஒருவர் வர வேண்டியதில்லை என்று நினைத்தோம். தினமும் வந்தவர் மூன்று வருடத்துக்கு ஒரு முறை வருகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அம்மாளின் பெயரை நான் கேட்காமல் விட்டேன். லாரிக்காரரிடம் பெயர் கேட்டு, நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

நண்பர்களே, ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை மாடி ஏறிப் பாருங்கள். முழங்கால் வலி இருந்தால் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ அனுப்புங்கள். ஏர் பைப் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறதா, எதிரே யாருடைய ஜன்னலாவது இருக்கிறதா, வலை கிழியாமல் அடைபடாமல் இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் பக்கத்தில் வாய் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியைச் சுத்தம் செய்ய 14420 என்ற எண்ணுக்குச் சொன்னால் லாரிக்கு வழி சொல்வார்கள். லாரி வந்தால் குழிக்கு மேல் குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள், யாரையும் இறங்கச் சொல்லாதீர்கள். அவர் அரைமணி நேரம் சும்மா நிற்கிறாரே என்று அவசரப்படுத்தவும் வேண்டாம். அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுங்கள்.